வழுவமைதி போதாது

தமிழ்க் கிறித்தவ வீடுகளில் வளர்ந்த பெண்களுக்குச் ‘சமாதானம்’ என்ற சொல் காதில் ஊறிய சொல். சீர்திருத்தத் திருச்சபைகளின் பழைய வேதாகமத்தில் அமைதிக்கு அதுதான் பெயர். என் வீட்டிலும் இரவு ஜெபம் அந்தச் சொல்லில்தான் முடியும். ஆனால் ஆலயத்துக்கு வெளியே, அன்றாடத் தமிழில், அதே சொல்லுக்கு வேறு பிழைப்பு இருக்கிறது. கணவன் அடித்தான் என்று பிறந்த வீட்டுக்கு வந்து நிற்கும் பெண்ணைச் ‘சமாதானப்படுத்தி’ அனுப்புகிறோம். தவறு செய்துவிட்டு மழுப்புகிறவர் ‘ஒரு சமாதானம்’ சொல்கிறார். இரு தரப்புக்கும் நடுவே ‘சமாதானம்’ பேசும்போது பெரும்பாலும் விட்டுக்கொடுப்பவர் யார் என்பது நமக்குத் தெரியும். 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் ‘சமாதான’த்தை ‘அமைதி’ ஆக்கியது. ‘விசுவாச’த்தை ‘நம்பிக்கை’ ஆக்கியது. தமிழாசிரியராக எனக்கு அந்த மாற்றம் பிடிக்கும். ஆனால் நம் ஊரில் ‘அமைதியான பொண்ணு’ என்பதற்கு என்ன பொருள்? வாயைத் திறக்காதவள் என்றுதானே? சொல் மாறியும் பெண்ணிடம் கேட்கப்படும் விலை மாறவில்லை.

நம்பிக்கை ஒரு பெண்ணுக்கு அமைதி தருமா என்ற கேள்வியைப் பெண்ணியம் பேசுகிறவர்கள் பெரும்பாலும் தொடுவதில்லை. மதம் பெண்ணை அடக்குகிறது என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அதற்கு ஆதாரம் ஏராளம் உண்டு, நான் மறுக்கவில்லை. ஆனால் என் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் மாணவிகளில் பலர் காலையில் ஜெபித்துவிட்டுத்தான் பேருந்து ஏறுகிறார்கள். தேர்வு பயத்திலும் வீட்டுச் சண்டையிலும் திருமணப் பேச்சிலும் அவர்கள் பிடித்துக்கொண்டிருக்கும் ஒரே கயிறு சில நேரம் அதுதான். அந்தக் கயிறு எதனால் ஆனது, எதைத் தாங்கும், எங்கே கழுத்தை இறுக்கும் என்று அவர்களோடு சேர்ந்து பார்க்காமல், அதைத் தூக்கி எறியச் சொல்வது என்னைப் பொறுத்தவரை விமர்சனம் ஆகாது.

இப்போது அந்தக் கயிற்றோடு இன்னொன்றும் சேர்த்துப் பின்னப்படுகிறது. ‘உன்னை நீயே ஏற்றுக்கொள்’ என்கிற அறிவுரை. இளைஞர் கூட்டங்களில், தியான நாட்களில், கைப்பேசியில் பூப்படத்தோடு வரும் வாசகங்களில் இது தவறாமல் இருக்கும். கடவுள் உன்னை இப்படித்தான் படைத்தார், ஆகவே உன்னை ஏற்றுக்கொள், அமைதி வரும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இதற்குள் இரண்டு வேறு அறிவுரைகள் ஒன்றுபோல ஒளிந்திருக்கின்றன. ஒன்று, தன்னை ஏற்பது. மற்றொன்று, தன் நிலையை ஏற்பது. என் நிறத்தையும் உடலையும் பேச்சையும் பிறந்த தெருவையும் வெட்கமின்றி ஏற்பது ஒன்று. என்னை அந்தத் தெருவிலேயே நிறுத்தி வைத்திருக்கும் ஏற்பாட்டை ஏற்பது வேறு. இந்த இரண்டையும் பிரித்துக் காட்டிய தமிழ்நூல் எது என்று யாராவது கேட்டால், நான் பாமாவின் ‘கருக்கு’ என்பேன்.

1992இல் வெளிவந்த ‘கருக்கு’, தமிழின் முதல் தலித் தன்வரலாறு என்று பரவலாகச் சொல்லப்படுவது. சாதியைப் பற்றிய நூலாக அதை வாசிக்கிறோம், அது சரி. தலித் பெண்ணெழுத்தாக வாசிக்கிறோம், அதுவும் சரி. ஆனால் அது ஒரு கத்தோலிக்கப் பெண் தன் கடவுளோடும் திருச்சபையோடும் நடத்தும் வழக்கு என்பதைப் பாடத்திட்டம் ஓரமாக வைத்துவிடுகிறது. அந்த வழக்கை எடுத்துவிட்டால் நூலில் பாதி போய்விடும்.

நூலில் வரும் பெண் ஆசிரியராக வேலை பார்க்கிறார். ஏழைப் பிள்ளைகளுக்கு, அதிலும் தலித் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருவதில் அவருக்கு மகிழ்ச்சி இருக்கிறது. ஒரு துறவற சபையை நிறுவிய பெண்ணின் கதையை வாசிக்கிறார். ஏழைகளுக்காகவே வாழ்ந்தவர் அவர். அந்த ஈர்ப்பில் வேலையை விட்டுக் கன்னியர் மடத்தில் சேர்கிறார். உள்ளே போனதும் பார்ப்பது வசதி. வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்கான பள்ளி. அங்கே எடுபிடி வேலை செய்ய ஏழைப் பிள்ளைகள். பயிற்சி முடியும் தறுவாயில், சில சபைகளில் தலித் பெண்களைக் கன்னியராகச் சேர்ப்பதில்லை என்ற செய்தி காதில் விழுகிறது. ஏழு ஆண்டுகளுக்குப் பின் வெளியே வருகிறார். கையில் வேலை இல்லை, எதிர்காலம் தெரியவில்லை. அந்த நிலையிலிருந்து எழுதப்பட்டதுதான் ‘கருக்கு’.

மடத்துக்குள் அவருக்குச் சோறு, உடை, மரியாதை, பாதுகாப்பு எல்லாம் இருந்தன. உலகம் ‘அமைதி’ என்று சொல்லும் சூழல் முழுக்க இருந்தது. மணி அடித்தால் செபம், மணி அடித்தால் உணவு. தாழ்ச்சி, கீழ்ப்படிதல், பொறுமை ஆகியவை கற்பிக்கப்பட்டன. பாமா எழுப்பும் குற்றச்சாட்டு கூர்மையானது. ஒடுக்கப்பட்டவர்களுக்குத் திருச்சபை கற்றுத் தருவது இந்தப் பண்புகளை மட்டும்தான். அநீதியைக் கண்டு கோபப்பட்ட இயேசுவை, ஏழைகளின் பக்கம் நின்ற இயேசுவை யாரும் அவர்களுக்குக் காட்டுவதில்லை என்கிறார். இதை அவர் நம்பிக்கையை இழந்தவராகச் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். நம்பிக்கையில் கால் ஊன்றித்தான் சொல்கிறார். ‘கருக்கு’ என்ற தலைப்பும் அப்படி. அது பனைமட்டையின் இருபுறமும் அறுக்கும் விளிம்பு. கடவுளின் வார்த்தையை இருபுறமும் கூர்மையான வாளுக்கு ஒப்பிடும் எபிரேயர் நிருபத்தின் உவமையோடு முன்னுரை அதை இணைக்கிறது. பனைமட்டை பொறுக்கிய ஊர்ப்பிள்ளையின் கையையும் வேதத்தையும் ஒரே சொல்லில் கொண்டுவந்து சேர்த்தவர், வேதத்தை விட்டு வெளியேறியவர் அல்ல.

என் மாணவி ஒருத்தி வகுப்பில் கேட்டாள்: “மேடம், கடைசியில அவங்களுக்கு வேலையும் இல்ல, வீடும் இல்ல. இதுல அமைதி எங்க இருக்கு?” நல்ல கேள்வி. நூலின் கடைசிப் பக்கங்களில் வெற்றி இல்லை. பயம் இருக்கிறது, தனிமை இருக்கிறது. அதோடு கொஞ்சம் துணிச்சலும், தன்மீது ஒரு பெருமிதமும், வாழ முடியும் என்ற நம்பிக்கையும் இருக்கின்றன. பொய்யாகச் சிரித்துக்கொண்டு வாழ்வதைவிட உண்மையாக அழுதுகொண்டு வாழ்வது மேல் என்ற முடிவுக்கு அவர் வருகிறார். அழுகையையும் அமைதியையும் எதிரெதிரே வைத்துப் பழகிய நமக்கு இது புரியக் கொஞ்சம் நேரமாகும். மடத்தில் இருந்தது சத்தமின்மை. வெளியே வந்தபின் கிடைத்தது, உள்ளும் புறமும் ஒன்றாக இருப்பதன் நிம்மதி. கண்ணீர் அதைக் கெடுப்பதில்லை.

இந்த இடத்தில் நான் நடத்தும் இலக்கணப் பாடத்திலிருந்து ஒரு சொல்லைக் கடன் வாங்குகிறேன். நன்னூல் சொற்றொடர்களை வழாநிலை, வழு, வழுவமைதி என்று பிரிக்கும். பிழையில்லாதது வழாநிலை. பிழையுள்ளது வழு. பிழைதான், ஆனாலும் ஏதோ ஒரு காரணம் கருதிப் பரவாயில்லை என்று ஏற்பது வழுவமைதி. பசுவை அம்மா என்று அழைத்து, ‘வந்தாள்’ என்று உயர்திணையில் சொன்னால் அது திணை வழு. ஆனால் உவப்பினால் சொன்னது என்பதால் அமைத்துக்கொள்கிறோம். ‘அமைதி’ என்ற சொல்லுக்குப் பொருந்துதல் என்றும் ஏற்றுக்கொள்ளப்படுதல் என்றும் பொருள் இருப்பதை மாணவிகள் பெரும்பாலும் இந்தப் பாடத்தில்தான் முதன்முதலாகக் கவனிக்கிறார்கள்.

சாதிக்குள் பிறந்த பெண்ணுக்குத் திருச்சபை இதுவரை வழங்கிவந்த ஏற்பு பெரும்பாலும் வழுவமைதிதான். நீ கீழ்சாதி, இருந்தாலும் ஆண்டவர் உன்னை நேசிக்கிறார். நீ பெண், பலவீனமான பாண்டம். இருந்தாலும் உனக்கும் ஊழியத்தில் ஓர் இடம் உண்டு. அந்த ‘இருந்தாலும்’ என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. அது அன்போடு சொல்லப்படலாம். ஆனால் பிழை பிழையாகவே இருக்கிறது, மன்னிக்கப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். மன்னித்தவருக்கு நன்றி சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். ‘கருக்கு’ இந்த நன்றிக்கடனை மறுக்கிறது. நான் வழு அல்ல; நான் வழாநிலை. என்னைப் பிழை என்று படித்த இலக்கணத்தில்தான் பிழை. தன்னை ஏற்பது என்பதன் முழுப் பொருள் இது என்று நினைக்கிறேன்.

நூலின் மொழியும் இதையே செய்கிறது. தன் தெருவின் பேச்சில், எழுத்துத் தமிழின் ஒழுங்குக்குள் வராத சொற்களோடு பாமா எழுதினார். கொச்சை என்று ஒதுக்கப்பட்ட பேச்சு அது. நாவலில் கதாபாத்திரம் பேசும்போது அந்தப் பேச்சை மேற்கோள்குறிக்குள் அனுமதித்திருக்கிறோம்; அது வழுவமைதி. பாமா மேற்கோள்குறியை எடுத்துவிட்டார். கதைசொல்லியே அப்படித்தான் பேசுகிறார். சிந்திப்பதும் கடவுளிடம் கேள்வி கேட்பதும் அந்தப் பேச்சில்தான். முனைவர் பட்டத்துக்காகப் பல ஆண்டுகள் செந்தமிழ் நடையைப் பழகிய என்னைப் போன்றவர்களுக்கு இதன் துணிவு எளிதில் விளங்காது. தன் பேச்சைத் திருத்திக்கொண்டே இருக்கும் ஒருவர் தன்னோடு அமைதியாக இருக்க முடியாது. வாய்திறக்கும் ஒவ்வொரு முறையும் உள்ளுக்குள் ஒரு கண்காணிப்பாளர் எழுந்து நிற்பார். அந்தக் கண்காணிப்பாளரை வெளியேற்றிய பிறகுதான் இந்த நூல் எழுதப்பட்டிருக்க முடியும்.

நூலின் வடிவத்தையும் இதோடு சேர்த்துப் பார்க்கலாம். கிறித்தவத்தில் தன்னைப் பற்றிப் பேச இரண்டு பழைய வழிகள் உண்டு. கத்தோலிக்கருக்குப் பாவசங்கீர்த்தனம்: என் குற்றத்தைச் சொல்லி மன்னிப்புப் பெறுவது. சீர்திருத்தச் சபையாருக்குச் சாட்சி: முன்பு இருளில் இருந்தேன், ஆண்டவர் என்னைத் தொட்டார், இப்போது சமாதானம் பெற்றேன் என்று மூன்று படிகளில் சொல்வது. ‘கருக்கு’ இரண்டிலும் அடங்காது. அது தன் பாவத்தை அறிக்கையிடவில்லை. தனக்கு இழைக்கப்பட்டதை அறிக்கையிடுகிறது. காலவரிசையில் நகரவில்லை, ஊர், பள்ளி, மடம் என்று சுற்றிச் சுற்றி வருகிறது. மடத்தை விட்டு வந்த செய்தி திரும்பத் திரும்பப் பேசப்படுகிறது. முன்பு இருள், இப்போது ஒளி என்ற கோடு அதில் கிடையாது. ஆகவே முடிவில் அமைதி ஒரு பரிசுப்பொருளைப்போல வந்து சேர்வதில்லை. எழுத எழுதக் கொஞ்சம் கொஞ்சமாக ஊறுகிறது. நூல் வெளிவந்தபோது சொந்த ஊரிலேயே அதற்கு எதிர்ப்பு இருந்தது; சில மாதங்கள் பாமா ஊருக்குள் போக முடியவில்லை. பாராட்டு தந்த அமைதி அல்ல அது என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

சாட்சி என்ற வடிவத்தில் தன்னைச் சொன்ன இன்னொரு பெண்ணை இங்கே பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். பண்டித ரமாபாய். பிராமணக் குடும்பத்தில் பிறந்து, சம்ஸ்கிருதப் புலமைக்காக 1878இல் கல்கத்தாவில் ‘பண்டிதா’, ‘சரஸ்வதி’ பட்டங்கள் பெற்றவர். 1883இல் இங்கிலாந்தின் வான்டேஜ் நகரில், கன்னியர் நடத்திய இல்லத்தில் தங்கியிருந்தபோது ஞானஸ்நானம் பெற்றார். ஞானஸ்நானம் பெற்றதோடு அமைதி வந்துவிடவில்லை. கொள்கை விளக்கங்களை அப்படியே ஏற்கச் சொன்ன அந்தக் கன்னியரோடு கடிதங்களில் வாதிட்டார். ஒரு புரோகிதக் கூட்டத்தின் நுகத்தடியிலிருந்து அரும்பாடுபட்டு வெளியே வந்தவள், அதேபோன்ற இன்னொரு நுகத்தடிக்குக் கழுத்தை நீட்ட மாட்டேன் என்ற கருத்தில் எழுதினார். உள்ளத்தில் நிறைவு கிடைத்தது அதற்குச் சில ஆண்டுகள் கழித்துத்தான் என்பதை 1907இல் எழுதிய தம் சாட்சியில் அவரே சொல்கிறார்.

ரமாபாயையும் பாமாவையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. ஒருவர் உயர்சாதியில் பிறந்து கிறித்தவத்தைத் தேர்ந்தெடுத்தவர். மற்றவர் கிறித்தவத்துக்குள்ளேயே பிறந்தும், அங்கும் சாதி தன்னை விடவில்லை என்று கண்டவர். ஆனால் இருவரும் ஒரு முடிவில் சந்திக்கிறார்கள். நம்பிக்கை என்னுடையது என்றால், அதை என் அறிவும் என் மனசாட்சியும் தொட்டுப் பார்க்க வேண்டும். இன்னொரு வியப்பு: ரமாபாய் தம் கடைசி ஆண்டுகளை, 1922இல் இறக்கும்வரை, விவிலியத்தை மராத்தியில் மொழிபெயர்ப்பதில் செலவிட்டார். கடினமான சம்ஸ்கிருதச் சொற்களை விலக்கி, அதிகம் படிக்காத பெண்களுக்கும் விளங்கும் மராத்தியைத் தேடினார். சம்ஸ்கிருதப் புலமையால் பெயர் பெற்றவர் அந்தப் புலமையைக் கீழே இறக்கி வைத்தார். பாமா தன்மேல் ஏற்றப்பட்ட நடையைக் கீழே இறக்கி வைத்தார். இருவருக்கும் நம்பிக்கை எளிய மொழியைத் தேடிப் போயிருக்கிறது.

இங்கே ஒரு மறுப்பு எழும். எல்லா மனிதரும் பாவிகள், எல்லாரும் கிருபையால்தான் ஏற்கப்படுகிறோம் என்பதுதானே கிறித்தவம்? அப்படியானால் எல்லாருக்கும் வழுவமைதிதானே? கடவுளுக்கு முன்னால் எல்லாரும் ஒரே வரிசையில் நின்றால் எனக்கு இதில் சண்டை இல்லை. ஆனால் ஆலயத்தில் நாம் ஒரே வரிசையில் உட்கார்ந்ததில்லை. கல்லறையில்கூடச் சாதிக்குத் தனி இடம் ஒதுக்கிய ஊர்கள் தமிழ்நாட்டில் உண்டு. பொதுவான பாவத்தோடு, பிறப்பையும் பெண்ணுடலையும் கூடுதல் வழுவாகச் சேர்த்து எழுதியவர்கள் மனிதர்கள். அந்தக் கூடுதல் கணக்கைத்தான் பாமா அடித்துவிடுகிறார்.

பாவம் என்றால் என்ன என்ற கேள்வியையும் பெண்கள் திறந்திருக்கிறார்கள். 1960இல் அமெரிக்க இறையியலாளர் வேலரி செய்விங் ஒரு கட்டுரை எழுதினார். அகந்தைதான் மூலப்பாவம், தன்னை மறந்த அன்புதான் மீட்பு என்று ஆண் இறையியலாளர்கள் சொல்வது ஆணின் அனுபவத்திலிருந்து வருகிறது என்றார். பெண்ணுக்கு வரும் சோதனை அகந்தை அல்ல. தனக்கென ஒரு ‘நான்’ இல்லாமலே கரைந்துபோவது. அப்படிக் கரைந்தவளிடம் இன்னும் தாழ்ந்து போ, இன்னும் உன்னை மற என்று சொன்னால், நோய்க்கு அதே நோயை மருந்தாகக் கொடுப்பதுபோல. எல்லாரும் சாப்பிட்டபின் மிச்சத்தைச் சாப்பிட்டு, எல்லாருக்காகவும் ஜெபித்துவிட்டுத் தனக்காக எதையும் கேட்கத் தெரியாத நம் அம்மாக்களை நினைத்துக்கொண்டு செய்விங்கை வாசித்தால், அவர் எங்கோ தூரத்தில் எழுதியதாகத் தோன்றாது.

விவிலியத்திலேயே இதற்கு ஒரு கதை உண்டு. மாற்கு நற்செய்தியின் 5ஆம் அதிகாரத்தில் பன்னிரண்டு ஆண்டுகள் இரத்தப்போக்கால் வருந்திய பெண். லேவியராகமத்தின் சட்டப்படி தீட்டானவள். தொட்டால் தொட்டவருக்கும் தீட்டு. மருத்துவர்களிடம் இருந்ததையெல்லாம் செலவழித்தவள். கூட்டத்துக்குள் பின்னாலிருந்து வந்து இயேசுவின் மேலாடையைத் தொடுகிறாள், குணமாகிறாள். கதை அங்கேயே முடிந்திருக்கலாம். முடியவில்லை. தொட்டது யார் என்று அவர் கேட்கிறார். அவள் நடுங்கிக்கொண்டே முன்னால் வந்து நடந்ததை முழுவதும் சொல்கிறாள். அதன்பிறகுதான் அவளை மகளே என்று அழைத்து, அமைதியோடு போகச் சொல்கிறார்.

இந்த வரிசை எனக்கு முக்கியம். உடல் நலம் தொட்டவுடன் வந்துவிட்டது. அமைதி, உண்மை முழுவதும் சொல்லப்பட்ட பிறகுதான் வந்தது. அதுவும் ரகசியமாக அல்ல; அவளைத் தீட்டென்று ஒதுக்கிய அதே கூட்டத்தின் நடுவில். தொட்டதற்கு அவள் மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கவில்லை. ‘தீட்டு, இருந்தாலும் பரவாயில்லை’ என்று யாரும் சொல்லவில்லை. மகளே என்ற அழைப்பில் ‘இருந்தாலும்’ கிடையாது. அந்தக் கதையையும் ‘கருக்கை’யும் அடுத்தடுத்து வாசித்துப் பாருங்கள். முழு உண்மையையும் சொல்லிவிட்டு நிற்கும் ஒரு பெண்ணைத்தான் இரண்டிலும் பார்ப்பீர்கள்.

ஆகவே உங்களிடம் யாராவது அமைதி என்று ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினால், அவர் போதகராக இருக்கலாம், ஆலோசகராக இருக்கலாம், அன்பான அத்தையாகக்கூட இருக்கலாம், ஒன்றை மட்டும் கேட்டுப் பாருங்கள்: இதைப் பெற நான் எதைச் சொல்லாமல் இருக்க வேண்டும்? பதில் ‘எதையும் மறைக்க வேண்டாம்’ என்றால் அமர்ந்து கேளுங்கள். ‘வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும்’, ‘சபைக்குக் கெட்ட பெயர்’, ‘ஆண்டவர் பார்த்துக்கொள்வார், நீ பேசாதே’ என்றால், அது பழைய சமாதானப் பேச்சுவார்த்தை. விட்டுக்கொடுக்க வேண்டியவர் நீங்கள்தான் என்று முன்பே முடிவாகிவிட்டது.

மடத்தின் கதவைச் சாத்திவிட்டு வந்த பெண்ணிடம் வேலையோ சேமிப்போ இல்லை. தன் தெருவின் பேச்சு இருந்தது. கோபப்படத் தெரிந்த ஒரு கடவுள் இருந்தார். அந்த இரண்டையும் வைத்துக்கொண்டு அவர் எழுத உட்கார்ந்தார்.